‘ஹெரிடிட்டரி’ படத்தின் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: “பயங்கரமான பேய்ப்படம் என்று எல்லாரும் சொன்னதால் ‘ஹெரிடிட்டரி’ பார்த்தேன். ஒரு மணி நேரம் குடும்பச் சண்டையும் அழுகையும்தான் ஓடுகிறது. கடைசியில் தலைகால் புரியாமல் என்னென்னவோ நடந்து முடிந்துவிடுகிறது. இதெல்லாம் அந்த அம்மாவின் மனப்பிரமையா, நிஜமா? இதில் ரசிக்க என்ன இருக்கிறது?”

நியாயமான கேள்வி. 2018 ஜூனில் படம் அமெரிக்காவில் வெளியானபோதே இந்தப் பிளவு இருந்தது. விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். தொடக்க நாட்களில் பார்த்துவிட்டு வந்த ரசிகர்களிடம் சினிமாஸ்கோர் என்கிற அமெரிக்க நிறுவனம் கருத்துக் கேட்டபோது கிடைத்த மதிப்பெண் ‘டி பிளஸ்’. மோசமான மதிப்பெண்தான். டிரைலரைப் பார்த்தவர்கள் மிரட்டும் சிறுமியைப் பற்றிய படம் என்று நினைத்து உள்ளே போனார்கள். அந்தச் சிறுமி படம் கால்வாசி ஓடியதுமே செத்துப்போகிறாள். ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆனாலும் சுமார் 1 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க ஏறக்குறைய 8 கோடி டாலர் வசூலித்தது. இயக்குநர் அரி ஆஸ்டருக்கு இதுதான் முதல் முழுநீளப் படம்.

நான் இதை ஐந்து முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை பயந்தேன், இரண்டாவது முறை அழுதேன். அந்த இரண்டாவது முறையைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன். கதையை முழுவதும் சொல்லியாக வேண்டும், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் ‘ஒன்றும் நடக்காத’ அந்தப் பகுதி. அன்னி என்கிற பெண்ணின் அம்மா எலன் இறந்துவிட்டார். கணவர் ஸ்டீவ், பள்ளியில் படிக்கும் மகன் பீட்டர், பதிமூன்று வயது மகள் சார்லி என்று நாலு பேர் இருக்கிற வீடு. இறுதிச் சடங்கில் அன்னி பேசுகிறாள். இத்தனை புதுமுகங்கள் வந்திருப்பது நெகிழ்ச்சியாக இருக்கிறது, அம்மா எதையும் வெளியே சொல்லாத ஆள் என்கிறாள். பெற்ற தாயைப் பற்றிய பேச்சு, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், எனக்கு இன்னும் கொஞ்சம் துக்கம் வந்திருக்க வேண்டுமோ என்று கேட்கிறாள்.

அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். எலனின் கல்லறையை யாரோ தோண்டிவிட்டார்கள் என்று ஸ்டீவுக்குத் தொலைபேசி வருகிறது. மனைவி ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறாள் என்று அவர் சொல்லாமல் விட்டுவிடுகிறார். சினிமாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, உறவுகளை இழந்தவர்கள் கூடிப் பேசும் ஒரு குழுவுக்கு அன்னி போகிறாள். நண்பன் வீட்டுப் பார்ட்டிக்குக் கிளம்பும் பீட்டர், பள்ளிக்கூட விருந்து என்று பொய் சொல்கிறான். அப்படியானால் தங்கச்சியையும் கூட்டிப்போ என்று அன்னி விடாப்பிடியாக அனுப்பிவைக்கிறாள். சார்லிக்குப் போகவே விருப்பமில்லை.

எல்லாம் சின்னச்சின்ன மறைப்புகள். எல்லா வீட்டிலும் நடப்பவை, யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யாதவை. ஆனால் ஒவ்வொன்றும் பிற்பாடு உயிரை வாங்குகிறது. கல்லறை விஷயத்தை ஸ்டீவ் சொல்லியிருந்தால், பரணில் எலனின் பிணம் கிடப்பதை அன்னி முன்பே ஏறிப் பார்த்திருப்பாள். தன் துக்கத்தை வீட்டில் பேச அவளுக்கு ஒரு ஆள் இருந்திருந்தால், அந்தக் குழுவின் வாசலில் வந்து நிற்கும் ஜோன் என்கிற அன்பான அம்மையாரை அவள் நம்பியிருக்க மாட்டாள். பீட்டர் உண்மையைச் சொல்லியிருந்தால் சார்லி அந்தக் காரில் ஏறியிருக்கவே மாட்டாள். ஒரு ரகசியக் கூட்டம் இந்தக் குடும்பத்தைப் பல வருடங்களாகக் குறிவைத்திருக்கிறது என்பது கடைசியில்தான் நமக்குத் தெரிகிறது. அவர்கள் பூட்டை உடைத்துக்கொண்டு வரவில்லை. இந்த நாலு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்ட விஷயங்கள் இருக்கின்றனவே, அவற்றின் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். படத்தை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: குடும்பக் கதையும் பேய்க் கதையும் இதில் தனித்தனியாக இல்லை. ‘மெதுவாகப் போகிறது’ என்று நாம் சொல்லும் ஒரு மணி நேரத்தில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கின்றன.

இனி எனக்கு மிகவும் பிடித்த, பார்க்க மிகவும் கஷ்டமான பகுதி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சார்லிக்குக் கொட்டைப் பருப்புகள் ஒத்துக்கொள்ளாது. இதைப் படம் முதல் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுகிறது. பாட்டியின் இறுதிச் சடங்கில் அவள் சாக்லேட் தின்றுகொண்டிருக்க, இதில் கொட்டை இருக்கிறதா, ஒவ்வாமைக்கான ஊசி எடுத்து வரவில்லையே என்று பேச்சு வருகிறது. நாம் அதைப் பெற்றவர்களின் வழக்கமான கவலையாக எடுத்துக்கொண்டு மறந்துவிடுகிறோம். பார்ட்டி வீட்டில் ஒரு பெண் பெரிய கத்தியால் வால்நட் நறுக்குவது சில விநாடிகள் வந்து போகிறது. அப்புறம் சாக்லேட் கேக். பீட்டர் மாடியில் நண்பர்களோடு கஞ்சா புகைத்துக்கொண்டிருக்கும்போது, தொண்டை வீங்குகிறது என்று சார்லி வந்து நிற்கிறாள். அவன் அவளைக் காரின் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு இருட்டுச் சாலையில் பறக்கிறான். மூச்சுக்காக அவள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறாள். சாலையில் ஒரு மான் செத்துக் கிடக்கிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கிறான். ஓரத்தில் ஒரு கம்பம்.

வேறு படமாக இருந்தால் இந்த இடத்தில் அலறலும் இசையும் வந்திருக்கும். இங்கே எதுவும் இல்லை. கார் நின்றுவிட்டது. கேமரா பீட்டரின் முகத்திலேயே நிற்கிறது, நகர மறுக்கிறது. பீட்டராக நடிக்கும் அலெக்ஸ் வுல்ஃப் அந்த ஒரு முகத்தை வைத்துக்கொண்டு செய்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கண்ணில் நீர் திரள்கிறது, அது வழிவதற்குக்கூட அவன் உடம்பு அனுமதிக்கவில்லை. பின்னிருக்கையை அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்த்தால் நடந்தது நடந்ததாகிவிடும். பிறகு மெதுவாக வண்டியை எடுக்கிறான், வீட்டுக்கு வருகிறான், காரை நிறுத்துகிறான், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மாடியேறிப் படுக்கையில் விழுகிறான்.

பொழுது விடிகிறது. கேமரா இன்னும் அவன் முகத்தில்தான். கண் திறந்தே இருக்கிறது. வெளியே அம்மாவின் குரல் கேட்கிறது, கடைக்குப் போய்வருகிறேன் என்கிற தொனி. காலடிச் சத்தம். கார்க் கதவு. அப்புறம் அந்த ஓலம்.

காரில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இந்தச் சில விநாடிகளைவிடப் பெரிய பயத்தை எந்தப் பேயும் எனக்குக் காட்டியதில்லை. எங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்த காலையில் நான் அடுத்த அறையில் படுத்திருந்தேன். கதவுத் தாழ்ப்பாள், யாரோ செருப்பைத் தேடும் சத்தம், அப்புறம் அம்மாவின் குரல். அன்று பார்த்தது எதுவும் இப்போது நினைவில் இல்லை, கேட்டது மட்டும் அப்படியே இருக்கிறது. துக்கம் முதலில் காது வழியாகத்தான் வரும் என்பதை இந்த இயக்குநர் எங்கேயோ தெரிந்து வைத்திருக்கிறார்.

அந்த ஓலத்தின் நடுவே சட்டென்று வெயிலில், சாலையோரம் கிடக்கும் தலை. எறும்புகள். இதை அதிர்ச்சிக்காக வைத்தது என்று பலர் குறை சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இவ்வளவு நேரம் பீட்டரோடு சேர்ந்து நாமும் பார்க்க மறுத்துக்கொண்டிருந்தோம். படம் அந்தச் சலுகையைப் பறித்துக்கொள்கிறது.

இதற்குப் பிறகு வரும் சாப்பாட்டு மேசைக் காட்சிதான் படத்தின் நடுத்தூண். சில வாரங்களாக அம்மாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டில் கரண்டி உரசும் சத்தம் மட்டும். பீட்டர்தான் ஆரம்பிக்கிறான்: மனசில் ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்களேன். அவ்வளவுதான், அணை உடைகிறது. அன்னியாக நடிக்கும் டோனி கொலெட் எழுந்து நின்று கொட்டுவதில் கோபம் மட்டும் இல்லை. அது விபத்து என்று எனக்குத் தெரியும், நீ வேதனைப்படுவதும் தெரியும், அதை உன்னிடமிருந்து எடுத்துவிட முடியாதா என்று எனக்கும் இருக்கிறது என்கிறாள். நீ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால், நடந்ததை முகத்துக்கு நேராகப் பார்த்திருந்தால், இதை வைத்துக்கொண்டு நாம் ஏதாவது செய்திருக்கலாம். இந்த வீட்டில் யாரும் தாங்கள் செய்ததை ஒத்துக்கொள்வதில்லை, அதனால் என்னால் மன்னிக்கவும் முடியவில்லை என்கிறாள். அவள் சொல்வது முழுக்கச் சரி. அப்போது பீட்டர் தாழ்ந்த குரலில் கேட்கிறான்: சார்லிக்குப் போகவே விருப்பமில்லையே, அவள் ஏன் அங்கே இருந்தாள்?

அதுவும் முழுக்கச் சரி. மேசையில் அதற்கு மேல் பேச்சில்லை.

அம்மா ஒரு வார்த்தை, மகன் ஒரு வார்த்தை. அந்த இரவில் யாராவது ஒருவர் முதலில் சொல்லியிருந்தால்? ஒவ்வொரு முறையும் நான் அதற்காகக் காத்திருக்கிறேன், அது நடக்காது என்று தெரிந்தும். இத்தனைக்கும் படத்தின் தொடக்கத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் வருகிறது. எலன் தன் புத்தகம் ஒன்றுக்குள் மகளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது. உன்னிடம் சொல்ல முடியாமல் போனவற்றுக்காக என்னை மன்னித்துவிடு, உன் இழப்புகளை எண்ணிக் கலங்காதே, கிடைக்கப்போகும் பலனுக்கு முன்னால் நம் தியாகம் ஒன்றுமில்லை என்று அதில் இருக்கிறது. முதல் தடவை பார்க்கும்போது ஏதோ கிழவியின் தத்துவம் என்று தாண்டிப் போய்விடுவோம். இன்னும் நடக்காத சாவுகளுக்கு முன்கூட்டியே எழுதிய கடிதம் அது என்று இரண்டாவது தடவைதான் உறைக்கும்.

சரி, உங்கள் அடுத்த கேள்வி: இதெல்லாம் அன்னியின் மனப்பிரமையா?

அப்படி நினைக்கப் படம் தாராளமாக இடம் கொடுக்கிறது. அன்னி அந்தத் துக்கக் குழுவில் தன் குடும்ப வரலாற்றைச் சொல்கிறாள். அப்பா மனச்சோர்வில் பட்டினி கிடந்து செத்தார். அண்ணனுக்கு மனச்சிதைவு, பதினாறு வயதில் அம்மாவின் அறையில் தூக்குப் போட்டுக்கொண்டான். அம்மா தன் உடம்புக்குள் ஆட்களைப் புகுத்தப் பார்க்கிறாள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். அம்மாவுக்கும் மனநோய். அன்னிக்கோ தூக்கத்தில் நடக்கும் பழக்கம். ஒருமுறை கண் விழித்தபோது, பிள்ளைகள் இருவர் மீதும் தன் மீதும் பெயிண்ட் தின்னர் கொட்டியிருக்க, கையில் தீக்குச்சியோடு நின்றிருக்கிறாள். இப்படி ஒரு வம்சத்தில் இன்னொருத்திக்குப் புத்தி பேதலிக்கிறது என்று ஸ்டீவ் நினைக்கிறார். நாமும் நினைக்கிறோம். படத்தின் பெயரே ‘பரம்பரையாய் வருவது’ என்றுதான். தமிழில் சொத்துக்கும் நோய்க்கும் நாம் அந்த ஒரே வார்த்தையைத்தான் வைத்திருக்கிறோம்.

ஆனால் படம் நேர்மையாகச் சாட்சிகளையும் வைத்திருக்கிறது. சார்லியின் உயிரை வாங்கிய கம்பத்தில் ஒரு குறி செதுக்கியிருக்கிறது. பாட்டியின் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் அதே குறி. பார்ட்டிக்குப் போகும் வழியிலேயே கேமரா அதன் மேல் ஒரு கணம் நின்று போகிறது. காரில் போகும் இருவரும் அதைக் கவனிப்பதில்லை. அன்னி அங்கே இல்லவே இல்லை. பள்ளியில் பீட்டருக்கு நடப்பவையும் அன்னி இல்லாத இடத்தில் நடப்பவை. சார்லியின் ஓவிய நோட்டைத் தீயில் போட்டால் தான் எரிந்துபோவோம் என்று அன்னி நம்புகிறாள். மகனைக் காப்பாற்ற அதற்கும் தயாராக, அழுதபடி அதை எறிகிறாள். எரிவது அவள் இல்லை, ஸ்டீவ். பிரமையாக இருந்தால் இந்தக் கணக்கு இப்படி மாறியிருக்காது.

அதனால் என் பதில், நடப்பதெல்லாம் நிஜம். அது நிஜம் என்றால் அந்த அண்ணனின் கடிதம் என்ன ஆகிறது, பாருங்கள். முதல் முறை கேட்கும்போது அது நோயின் அறிகுறி. படம் முடிந்தபின் அது ஒரு பையனின் புகார். தனக்கு என்ன நடக்கிறது என்பதை அவன் உள்ளபடியே சொல்லியிருக்கிறான், யாரும் நம்பவில்லை. பெயிண்ட் தின்னர் சம்பவத்தையும் இப்படித் திருப்பிப் பார்க்கலாம். விழித்திருக்கும் அன்னிக்குத் தெரியாத ஏதோ ஒன்று தூங்கும் அன்னிக்குத் தெரிந்திருக்கிறது. வரப்போவதைவிட இது மேல் என்று அது முடிவெடுத்திருக்கிறது. இது என் வாசிப்பு, நீங்கள் மறுக்கலாம். ஆனால் அப்படிப் பார்த்த பிறகு அந்தக் காட்சியில் அவளை என்னால் வெறுக்க முடியவில்லை.

‘பேய் என்பது துக்கத்தின் உருவகம்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததும் இதனால்தான். உருவகம் என்று சொன்னதும் பேய் பாதுகாப்பான பொருளாகிவிடுகிறது. இந்தப் படத்தில் பேய் பேய்தான், துக்கம் துக்கம்தான். ஒன்று மற்றொன்றைத் தின்று வளர்கிறது.

அந்த ரகசியக் கூட்டம் வழிபடும் பேயரசனின் பெயர் பைமன். அது ஆஸ்டர் கண்டுபிடித்ததில்லை. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மாந்திரீக நூலான ‘சாலமோனின் சிறு திறவுகோல்’ 72 ஆவிகளைப் பட்டியலிடுகிறது, அதில் ஒன்பதாவது பைமன். தலையில் முடி சூடி, ஒட்டகத்தின் மேல் ஏறி, முன்னால் எக்காளமும் தாளமும் முழங்க வரும் அரசன் என்று அதில் வர்ணனை. படத்துக்காக ஆஸ்டர் சேர்த்தது, அவனுக்கு ஆண் உடம்பு வேண்டும் என்கிற விதி. எலன் முதலில் தன் மகனிடம் முயன்றாள், அவன் செத்தான். பீட்டர் பிறந்தபோது அன்னி அம்மாவை அண்ட விடவில்லை. அடுத்துப் பிறந்த சார்லியைக் கொடுத்துவிட்டாள். பாட்டி என்னை ஆண்பிள்ளையாக இருக்கச் சொன்னாள் என்று சார்லி ஒரு இடத்தில் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான்.

இங்கே எனக்கு இன்றுவரை தீராத ஒரு கேள்வி இருக்கிறது. கடைசிக் காட்சியில் சொல்லப்படுவதன்படி, பிறந்ததிலிருந்தே சார்லிக்குள் இருந்தது பைமன். அப்படியானால் சார்லி என்று ஒரு குழந்தை இருந்தாளா? பாட்டி போன பிறகு அவள் அன்னியிடம் கேட்கிறாள்: இனி என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? நான்தான் என்கிறாள் அன்னி. நீங்களும் செத்துப்போனால் என்று சார்லி கேட்கிறாள். சார்லியாக நடிக்கும் மில்லி ஷபிரோ அதைச் சொல்லும் குரலில் நான் ஒரு குழந்தையைத்தான் கேட்கிறேன். புறாவின் தலையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பையில் போட்டுக்கொள்கிற அதே பெண், யாருக்கும் வேண்டாதவளாகிவிடுவோமோ என்று பயப்படுகிறாள். அவளுக்கு அந்த வீட்டில் பேச யாரும் இல்லை, அவள் உடம்பை வைத்துக் காரியம் சாதிக்க மட்டும் ஒரு கூட்டம் இருந்தது. அவளுக்காக யாரும் முழுசாக அழவில்லையோ என்று எனக்குத் தோன்றும்.

அன்னியின் தொழிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்காட்சிக்காகச் சின்னச்சின்ன மாதிரி வீடுகள் செய்கிறவள். எல்லாம் அவள் வாழ்க்கையின் காட்சிகள். நோய்ப்படுக்கையில் அம்மா, பச்சைக் குழந்தைக்குப் பாலூட்ட மார்பைத் திறந்து நிற்கும் அம்மா, பிறகு அந்த விபத்துகூட. சார்லியின் சிறு தலையைச் சாலையோரத்தில் வைத்துச் செய்துகொண்டிருப்பதை ஸ்டீவ் பார்த்து அதிர்கிறார், பீட்டர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்கிறார். இது விபத்தைப் பற்றிய நடுநிலையான பார்வை, அவ்வளவுதான் என்கிறாள். வாயால் சொல்ல முடியாததை அவள் கையால் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதையும் கேட்க ஆள் இல்லை.

படமும் அவள் பெட்டிகளைப் போலவே எடுக்கப்பட்டிருக்கிறது. யூட்டா மாநிலத்தில் படப்பிடிப்பு. வீட்டின் உட்புறத்தை அரங்கில் கட்டினார்கள், அதனால் சுவரைக் கழற்றிவிட்டுக் கேமராவைத் தள்ளி வைக்க முடிந்தது. ஒரு பக்கம் திறந்த அட்டைப்பெட்டிக்குள் ஆட்கள் நடமாடுவதுபோல அறைகள் தெரிவது இதனால்தான். எங்கோ உட்கார்ந்து யாரோ இவர்களை நகர்த்துகிறார்கள் என்று வசனம் இல்லாமலே நம் உடம்புக்குப் புரிந்துவிடுகிறது. பீட்டரின் வகுப்பில் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் நாடகத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. அதில் வரும் வீரன் ஹெராக்ளிஸின் முடிவு முன்பே விதிக்கப்பட்டுவிட்டது என்றால் அது அதிக சோகமா, குறைந்த சோகமா என்று ஆசிரியர் கேட்கிறார். அதிக சோகம்தான், நம்பிக்கைக்கே வழியில்லாத ஒரு இயந்திரத்தில் அவர்கள் வெறும் காய்கள் என்று ஒரு மாணவி சொல்கிறாள். பீட்டர் அதைக் கவனிக்காமல் முன்பெஞ்சுப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். சிலருக்கு இந்தக் காட்சி கருத்தை வெளிப்படையாகப் போட்டு உடைப்பதாகத் தோன்றும். எனக்கு அந்தப் பையன் கவனிக்காததுதான் வலிக்கிறது.

ஒலி பற்றி ஒரு வார்த்தை. படத்துக்கு இசையமைத்த காலின் ஸ்டெட்சன் சாக்ஸபோன்காரர், மூச்சை நிறுத்தாமல் சுழற்றி ஊதுவதில் பேர் பெற்றவர். இந்தப் படத்தின் இசை பல இடங்களில் பாட்டாக இல்லை, வீடே மூச்சு விடுவதுபோல் அடியில் கிடக்கிறது. பதற வைக்க வேண்டிய இடத்திலோ சத்தமே இல்லை. இருட்டில் பீட்டர் கண் விழிக்கும் காட்சி நினைவிருக்கிறதா? பின்னால் சுவரின் உச்சியில், மூலையில் அன்னி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கேமரா அவளைச் சுட்டவில்லை, இசை எச்சரிக்கவில்லை. கண் இருட்டுக்குப் பழகினால்தான் தெரியும். நான் முதல் முறை அதைத் தவறவிட்டேன். பக்கத்தில் இருந்த என் தங்கை கையை இறுக்கிப் பிடித்த பிறகுதான் பார்த்தேன்.

கடைசி இருபது நிமிடங்களைப் பற்றி உங்களுக்கு இருக்கும் குறையை நான் முழுக்கத் தள்ளவில்லை. மரத்தின் மேல் கட்டிய அந்தச் சின்ன வீட்டில் பீட்டருக்கு முடிசூட்டும்போது, அந்த ரகசியக் கூட்டத்தில் ஒருத்தியான ஜோன் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்கிறாள்: நீ யார், உன் பழைய உடம்பு எது, இப்போது கிடைத்தது எது என்று. அந்த விளக்கம் பாதியாக இருந்திருந்தாலும் போதும். இவ்வளவு நேரம் எங்களை நம்பி எதையும் சொல்லாமல் வந்த படம், கடைசியில் மட்டும் நம்பிக்கை இழந்ததுபோல் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சின் நடுவே பீட்டரின் முகத்தைப் பாருங்கள். அரசனின் கம்பீரமும் இல்லை, பிசாசின் சிரிப்பும் இல்லை. தூக்கத்தில் எழுப்பிவிட்ட குழந்தை, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் விழிப்பதுபோல் விழிக்கிறான். முன்னால் மண்டியிட்டுக் கிடக்கும் தலையில்லாத இரண்டு உடம்புகளில் ஒன்று பாட்டி, ஒன்று அம்மா. மூன்று தலைமுறையும் ஒரே அறையில் கூடியிருக்கிறது, ஒருவரும் உயிரோடு இல்லை.

நடிப்புக்கு வருகிறேன். டோனி கொலெட்டுக்கு அந்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரைகூட வரவில்லை. சுயாதீனப் படங்களுக்குத் தரப்படும் கோதம் விருது கிடைத்தது. பேய்ப்படத்தில் நடிப்பதை இரண்டாம்தரமாகப் பார்க்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது, இது அதற்குப் பலியான நடிப்பு என்பது என் திடமான எண்ணம். ஸ்டீவாக வரும் கேப்ரியல் பர்ன்னைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கத்தாத, எல்லாரையும் தாங்கிப் பிடிக்கப் பார்க்கிற, களைத்துப்போன ஒரு நல்ல மனிதர். அவர் தவறு ஒன்றே ஒன்று, வீட்டில் அமைதி இருந்தால் போதும் என்று நினைத்தது.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் சில யோசனைகள். செல்போனில் வேண்டாம், பாதிக் காட்சிகள் இருட்டில் இருக்கின்றன. விளக்கை அணைத்துவிட்டு நல்ல ஹெட்போனோடு பாருங்கள். 127 நிமிடத்தையும் ஒரே இருப்பில் பாருங்கள். இந்தப் படத்தின் கனம் இடைவெளி விட்டால் கலைந்துவிடும். பயத்தை எதிர்பார்க்காமல், யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். அன்னி எழுந்து அறையை விட்டுப் போகும்போதெல்லாம் வாசல்களையும் மூலைகளையும் கவனியுங்கள், அங்கே ஆள் நிற்கலாம். வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருந்தால், குறிப்பாகப் பிள்ளையை இழந்தவர்கள் யாராவது உடன் இருந்தால், இதைப் போடாதீர்கள். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை.

இன்னொன்று, முதல் ஷாட்டைத் தவறவிடாதீர்கள். சன்னலுக்கு வெளியே தூரத்தில் அந்த மரவீடு தெரிகிறது. கேமரா அங்கிருந்து பின்வாங்கி, அன்னியின் பட்டறையைச் சுற்றி வந்து, ஒரு மாதிரி வீட்டுக்குள் மெதுவாகப் போகிறது. பெட்டிக்குள் ஒரு குட்டி அறை, குட்டிக் கட்டில். நெருங்க நெருங்க அது நிஜ அறையாகிவிடுகிறது. கதவைத் திறந்துகொண்டு, கையில் சாவுக்குப் போட வேண்டிய கோட்டோடு ஸ்டீவ் உள்ளே வருகிறார். கட்டிலில் பீட்டர் தூங்கிக்கொண்டிருக்கிறான்.